பால் சர்க்கரையும் பெரிய கிராணி வேலையும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு போத்தல் மூத்திரத்தைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில கொடுத்துட்டு வரணும்.

அவ்வளவுதான். மலையைப் புரட்டச் சொல்லல. போத்தலைக் கொடு, பேரைச் சொல்லு, வீட்டுக்கு வா. எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட செஞ்சிடுவான். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் படிச்சவன். அதனால என்னால முடியல.

விஷயம் இதுதான். மலாயாவுல, ஜாசினுக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் எஸ்டேட்டுல நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸ்ல எழுதுற வேலை எல்லாம் எனக்கு, கையெழுத்துப் போடுற வேலை பெரிய கிராணிக்கு. ஏழு வருஷம் அப்படியே ஓடிச்சு. ஒரு நாள் பெரிய கிராணி போதும்னு மூட்டையைக் கட்டி நாகப்பட்டணத்துக்குக் கப்பல் ஏறிட்டார். எஸ்டேட்டை நடத்துற வெள்ளைக்காரத் தொரை என்னைக் கூப்பிட்டார்.

"கிராணி, அந்த வேலை உனக்கு. டாக்டர் காயிதம் கொண்டு வா. உடம்பு நல்லா இருக்கு, அப்படி எழுதணும்."

எனக்கு வேலையைவிட வீட்டு மேலதான் கண்ணு. பெரிய கிராணிக்குத் தனி வீடு, ஓடு போட்ட கூரை. எங்க வீட்டுக் கூரையைப் பத்திச் சொல்லணும்னா, மழை வெளியில நின்னாலும் உள்ள இன்னும் அரை மணி நேரம் பெய்யும். நாலு மாசக் குழந்தையோட தொட்டிலை நாங்க மூலைக்கு மூலை இழுத்துக்கிட்டே இருந்தோம். குழந்தைக்கு எப்பப் பார்த்தாலும் சளி. ராத்திரி பூரா அந்தச் சின்ன நெஞ்சு கர்ருகர்ருனு இழுக்கும்.

நெஞ்சு, கண்ணு, பல்லு எல்லாத்தையும் டாக்டர் போன வாரமே பார்த்துக் கையெழுத்தும் போட்டுட்டார். பாக்கி இருந்தது நீர்ச் சோதனை மட்டும்தான். அந்த ஒரு வரியை டாக்டருக்குக் கைத்துணையா ஆஸ்பத்திரியில இருக்குற டிரெஸர் நிரப்பணும். "காலையில எழும்பினதும் முதல் நீர், சுத்தமான போத்தலில"ன்னு சொல்லி அனுப்பியிருந்தார்.

இங்கதான் எறும்பு வந்து சேர்ந்துச்சு.

குளிக்கிற அறைக்குப் பின்னாடி ஒரு சின்ன வாய்க்கால். நான் ஒண்ணுக்குப் போற இடம். அங்க பார்த்தா செவ்வெறும்பு! ஒண்ணு ரெண்டு இல்ல, ஊர்வலம்!

எறும்பு மொய்ச்சா என்ன அர்த்தம்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லித் தரவா வேணும்? எங்க அப்பா அந்தச் சக்கரை நோய்லதான் போனார். கால் விரல்ல சின்னப் புண்ணுல ஆரம்பிச்சது, ஆறு மாசத்துல ஆளையே கொண்டு போயிடுச்சு. அந்த வாய்க்கால் ஓரத்துலயே குனிஞ்சு என் கால் விரலை ஒவ்வொண்ணாப் பார்த்தேன். பயம். நிஜமான பயம்.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? நேரா டாக்டர்கிட்ட போவான். இன்சுலின்னு ஒரு ஊசி வந்து சில வருஷம் ஆயிருந்துச்சு, அதைப் பத்திக் கேட்பான்.

நான் என்ன செஞ்சேன்? மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்குற கொய்னா மருந்து வந்த காலிப் போத்தல் ஒண்ணை எடுத்தேன். வெந்நீர் ஊத்தி மூணு தடவை கழுவினேன். பொண்டாட்டிகிட்ட போய் நீட்டினேன்.

"பாக்கியம், ஒரு உதவி."

அவ போத்தலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"இதுல என்னத்த ஊத்தணும்?"

சொன்னேன். எறும்பையும் சொன்னேன். அப்பாவையும் சொன்னேன்.

"ஏங்க, ஏழு வருஷமா வேலையை நீங்க பார்த்தீங்க, கையெழுத்தை அவர் போட்டாரு. இப்ப உங்க வேலையை நான் பார்க்கணும், பேரு மட்டும் உங்களுக்கா? உங்க ஆபீஸ் வழக்கமே இதுதானா?"

"உனக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கு. ஒரு நாள் தலைவலின்னு படுத்தது இல்ல. உன்னோடது போனா கண்ணை மூடிக்கிட்டு பாஸ்!"

"உங்களுக்கு நோய்னு தெரிஞ்சா மருந்து பார்க்க வேணாமா?"

"முதல்ல வீடு மாறுவோம். அப்புறம் மருந்து."

அவ மேல பார்த்தா. கூரையிலேருந்து வாளியில சொட்டுச் சொட்டா விழுந்துக்கிட்டு இருந்துச்சு. போத்தலை வாங்கிக்கிட்டுப் போயிட்டா.

காலையில போத்தல் ரெடி. கார்க்கை இறுக்கி அடைச்சு, காகிதத்துல சுத்தி, மடியில வச்சுக்கிட்டு பஸ்ல ஏறினேன். ஏழு பேர் உட்கார வேண்டிய சின்ன பஸ்ல பன்னெண்டு பேர். பக்கத்துல ஒரு மலாய்க்காரப் பெரியவர். காகிதம் விலகி கொய்னாப் போத்தல் எட்டிப் பார்த்திருக்கு.

"ஊபாட்?"னு கேட்டார். மருந்தான்னு அர்த்தம்.

"ஊபாட், ஊபாட்"னேன். வேற என்ன சொல்ல?

"தமிழ் மருந்தா?"

"ஆமா."

பெரியவர் சாரோங்கை முட்டி வரைக்கும் தூக்கினார். முட்டி வீங்கியிருந்துச்சு. அவரோட கம்போங்ல, அதாவது கிராமத்துல, யாரோ தமிழ் எண்ணெய் தடவி மூணே நாள்ல எழுந்து நடந்தாங்களாம். ஒரே ஒரு சொட்டு தரக்கூடாதான்னு உள்ளங்கையை நீட்டினார்.

"இது உள்ளுக்குச் சாப்பிடுறது"ன்னு மலாய்ல உளறினேன்.

"அப்படின்னா இன்னும் நல்லது"ன்னு வாயைத் திறந்தார்!

ரெண்டு மைலுக்கு முன்னாடியே இறங்கிட்டேன். போத்தலை மார்போட அணைச்சுக்கிட்டு வெயில்ல நடந்தே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். அது பக்கத்து எஸ்டேட்டுகள் எல்லாம் சேர்ந்து நடத்துற சின்ன ஆஸ்பத்திரி.

அங்க டிரெஸர் நடராசா. யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலு வயசு சின்னவர்தான், ஆனா கண்ணாடி போட்டுக்கிட்டு நூறு வயசுக்காரர் மாதிரி பேசுவார். மருந்து கலக்குறதும் அவர்தான், புண்ணுக்குக் கட்டுப் போடுறதும் அவர்தான், பின்னால இருந்த சின்ன அறையில குழாய்களை வச்சுக்கிட்டு சோதனை பண்றதும் அவர்தான். கடைசியா சொன்னதுலதான் அவருக்கு உயிர்.

"வாங்கோ அண்ணை. சலம் கொண்டு வந்தனீங்களோ?"

அவங்க பேச்சுல சலம்னா மூத்திரம். கொடுத்தேன்.

"காலமை எடுத்த முதல் சலம்தானே?"

"ஆமா."

"உங்கடதானே?"

"பின்ன யாரோடது?"ன்னு சிரிச்சேன். அந்தச் சிரிப்பு எனக்கே நாராசமா கேட்டுச்சு.

ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து மையில எழுதினார். பேர், வயசு, ஆண், எஸ்டேட் கிராணி. அப்புறம் ஒரு கண்ணாடிக் குழாய்ல நீலத் தண்ணி ஊத்தினார். மயில்துத்தம் கரைச்ச தண்ணியாம். அதுல எண்ணி எட்டுச் சொட்டு விட்டு, விளக்குல காட்டினார்.

நான் தொப்பியைக் கழட்டி நெத்தியைத் துடைச்சுக்கிட்டு நிம்மதியா நின்னேன். பாக்கியம் கல்லு மாதிரி ஆளு.

நீலம் பச்சையாச்சு.

பச்சை மஞ்சளாச்சு.

மஞ்சள் அப்படியே செங்கல் நிறமாச்சு!

"அண்ணை, சீனி இருக்கு"ன்னார் டிரெஸர்.

"இருக்காது! இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தார். இன்னும் அழகான செங்கல்.

வேலை போச்சு, வீடு போச்சு, அதெல்லாம் அந்த நிமிஷம் மனசுலயே இல்ல. பாக்கியத்துக்கு நோய்! ஒரு நாள்கூட தலைவலின்னு படுக்காதவளுக்கு! குழந்தை வேற அவகிட்டதான் பால் குடிக்குது. அப்பாவோட கால் விரல் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. வாய் தானா பேசிடுச்சு.

"டிரெஸர், இந்த நோய் இருந்தா குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?"

எழுதிக்கிட்டிருந்த பேனா நின்னுச்சு.

"ஆர் குடுக்கிறது?"

"இல்ல... சும்மா... பொதுவா."

"பொதுவா ஆம்பிளையள் குடுக்கிறேல்லை, அண்ணை."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் மீசையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வீட்டில கைக்குழந்தை இருக்கோ?"

"நாலு மாசம்."

"ஓகோ"ன்னார். பேனாவை வச்சுட்டு எழும்பினார். "இருங்கோ. நான் ஒரே ஒரு சோதினையை வச்சு முடிவு சொல்லமாட்டன்."

ரொட்டிக் கடையிலேருந்து ஈஸ்ட் வாங்கி வர ஆளனுப்பினார். ரொட்டி மாவைப் பொங்க வைக்குமே, அதேதான். அலமாரியிலேருந்து ரெண்டு போத்தலை இறக்கினார். ரெண்டுலயும் வெள்ளைத் தூள்.

"இது முந்திரிகைச் சீனி, குளுக்கோஸ் எண்டு சொல்லுறது. நீரிழிவுக்காரற்ற சலத்தில வாறது இந்தச் சீனிதான். மற்றது பால் சீனி. பாலில மட்டும்தான் இருக்கும். நாக்கில வச்சுப் பாருங்கோ."

வச்சுப் பார்த்தேன். மணல் மாதிரி நறநறன்னு இருந்துச்சு. இனிப்புன்னு சொன்னா சீனி கோவிச்சுக்கும்.

"பாலைத் திரைய வச்சு, தெளிஞ்ச தண்ணியைக் காய்ச்சி வத்த வச்சா இது படியும். குழந்தையளுக்கு மருந்து துளியளவுதான் குடுக்கலாம். அதை எப்பிடிப் பத்துப் பொட்டலமாப் பிரிக்கிறது? இதோட சேர்த்து அரைக்கிறது. கிணத்துத் தண்ணி சோதிக்கவும் இதுதான். இது கரைச்ச சாற்றில கிணத்துத் தண்ணியை விட்டு வச்சா, குடல் கிருமி இருந்தா இதைத் திண்டு வாயு விடும்."

நான் வந்தது என் தலையெழுத்தைத் தெரிஞ்சுக்க. அவர் கிணத்தோட தலையெழுத்தைச் சொல்லிக்கிட்டிருக்கார்! பொண்டாட்டியை நெனச்சுக்கிட்டே தலையை ஆட்டினேன்.

ஈஸ்ட் வந்துச்சு. மூணு குழாய். முதல்ல முந்திரிகைச் சீனித் தண்ணி, நடுவுல பால் சீனித் தண்ணி, மூணாவதுல நான் கொண்டு வந்த சரக்கு. மூணுலயும் ஈஸ்ட்டைக் கலந்து, வாயை அடைச்சுக் கவுத்து, வெதுவெதுப்பான தண்ணியில நிறுத்தினார்.

"ஈஸ்ட் முந்திரிகைச் சீனியைத் திண்டு வாயு விடும். பால் சீனியைத் தொடவே தொடாது. மூண்டு மணித்தியாலம் இருங்கோ."

"இது எதுக்கு?"

"உங்களுக்காகத்தான் அண்ணை"ன்னார். குரல்ல தேன் வழிஞ்சுது. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

மூணு மணி நேரம் அந்த பெஞ்சுல உட்கார்ந்து ஊர்ல உள்ள சாமிக்கெல்லாம் வேண்டிக்கிட்டேன். வேலை வேணாம், வீடு வேணாம், பாக்கியத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. நடுவுல டிரெஸர் கூப்பிட்டு பூதக்கண்ணாடிக் குழல்ல ஒண்ணைக் காட்டினார். நான் கொண்டு வந்ததுல கொஞ்சம் எடுத்து ஏதோ மருந்து போட்டுக் காய்ச்சி ஆற வச்சதாம். உருண்டை உருண்டையா, பொம்பளைங்க பவுடர் ஒத்துற பஞ்சு மாதிரி மணிகள்.

"வடிவா இருக்கோ?"

"இருக்கு"ன்னேன்.

"முந்திரிகைச் சீனி எண்டா விளக்குமாறு மாதிரி வந்திருக்கும்"னு சொல்லிட்டு, விசிலடிச்சுக்கிட்டே போயிட்டார்.

கடைசியா குழாய்களைக் கொண்டு வந்து மேசையில வச்சார். முதல் குழாய்ல வாயு கிளம்பி மேல பாதி இடம் காலி. நடுக் குழாய் அசையவே இல்ல. மூணாவதும் அசையல. நடுவுல இருந்ததோட கூடப் பிறந்தது மாதிரி கம்முனு இருந்துச்சு.

டிரெஸர் உட்கார்ந்தார். கை விரல்களைக் கோத்துக்கிட்டார்.

"அண்ணை, சந்தோசமான விசயம். நோய் இல்லை. இது முழுக்கப் பால் சீனி."

"அப்படின்னா?"

"பிள்ளைக்குப் பால் குடுக்கிற தாய்மாருக்கு இது கொஞ்சம் சலத்தில கலந்து வரும். இயற்கை. பயப்பட ஒண்டும் இல்லை. இப்ப நான் இதில ஒரு வரி எழுத வேணும். ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்டு, உங்களுக்குப் பால் சுரக்குது. மற்றது, இது உங்கட சலம் இல்லை. எதை எழுத?"

ஒரு நிமிஷம், சத்தியமா ஒரே ஒரு நிமிஷம், முதல் வழியை யோசிச்சேன்.

அப்புறம் எல்லாத்தையும் கொட்டிட்டேன். எறும்பு, அப்பா, கூரை, பாக்கியம், எல்லாம். பாக்கியத்துக்கு நோய் இல்லைங்கிற சந்தோஷத்துல கண்ணுல தண்ணி வேற.

"எறும்புதான் உங்களுக்கு டொக்டரோ?"ன்னு கேட்டார். "அந்த வாய்க்காலில வேற என்ன ஊத்துறனீங்கள்?"

"ஒண்ணும் ஊத்துறதில்ல"ன்னு ஆரம்பிச்சேன். பாதியில நிறுத்திட்டேன்.

அந்தக் காலத்துல எனக்கு ஒரு பழக்கம். சீனி போட்ட கெட்டி டின்பாலைத் திருட்டுத்தனமா கரண்டியால வழிச்சுச் சாப்பிடுவேன். பாக்கியத்துக்குத் தெரியக்கூடாதுன்னு டின்னைக் கழுவி அந்த வாய்க்கால்லதான் ஊத்துவேன். எறும்புங்க என்னைத் தேடி வரல. டின்னைத் தேடித்தான் வந்திருக்கு.

அதையும் சொன்னேன். அதுக்கு மேல மறைக்க என்ன மிச்சம்?

டிரெஸர் சிரிக்கல. சிரிச்சிருந்தா தேவலை. "கோப்பிக் கடைக்குப் போங்கோ. சீனி கூடப் போட்டு ஒரு கோப்பி, ரெண்டு இனிப்பு பன். சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தால வந்து இங்கயே எடுத்துத் தாங்கோ. நோய் இருந்தா அப்ப ஒளிக்கேலாது. கதவுக்கு வெளியில நான் நிப்பன்."

சாப்பிட்டேன். வந்தேன். கதவுக்கு வெளியில டிரெஸர் நிக்கிறார்னு தெரிஞ்சதும் உடம்பு வேலைநிறுத்தம் பண்ணிடுச்சு.

"என்ன அண்ணை, இதையும் வீட்டில இருந்து கொண்டு வரவேணுமோ?"ன்னு வெளியிலேருந்து சத்தம்.

மூணு குவளை தண்ணி குடிச்சப்புறம் ஒரு வழியா ஆச்சு. நீலத் தண்ணியில எட்டுச் சொட்டு. விளக்கு. கண்ணை மூடிக்கிட்டேன்.

"திறவுங்கோ."

நீலம். அசல் நீலம். ஆறவிட்டும் பார்த்தார், அப்பவும் நீலம்!

அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். என்னோடதையே கொண்டு வந்திருந்தா காலை ஒன்பது மணிக்கே முடிஞ்சிருக்க வேண்டிய வேலை. நோய் இல்லாத மனுஷன், நோய் இல்லாத பொண்டாட்டியைக் காட்டி, நோயாளி ஆகப் பார்த்த மேதாவி நான்.

"அப்ப அந்த முதல் வரியை அடிச்சிடுங்க டிரெஸர்."

"ஏலாது. மையில எழுதின புத்தகம். பக்கம் எண் போட்டது."

"ஐயா, தொரைக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். பச்சைக் குழந்தை இருக்கு..."

"அண்ணை, நான் பொய் எழுதமாட்டன். நடந்ததை எழுதுறன்."

எழுதினார். நிறுத்தி நிதானமா, முத்து முத்தா இங்கிலீஷ்ல எழுதினார். உறையில போட்டு ஒட்டி என் கையிலயே கொடுத்தார். என் தூக்குக் கயித்தை நானே சுமந்துக்கிட்டு பஸ் ஏறினேன்.

சாயந்திரம் ஆபீஸ். தொரை உறையைக் கிழிச்சார். படிச்சார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் முதல்லேருந்து படிச்சார். நான் நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஏழு வருஷமும் அந்தக் காகிதத்துலதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

அவர் முகம் ரப்பர் ஷீட்டு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். தோள் மட்டும் குலுங்குச்சு. கோவம்னு நெனச்சேன்.

"பொய் சொன்னே. அப்புறம் உண்மை சொன்னே. டிரெஸர் ரெண்டும் எழுதியாச்சு."

"மன்னிக்கணும் தொரை. கூரை ஒழுகுது தொரை. குழந்தைக்குச் சளி..."

"அது ஏன் என்கிட்ட முன்னாலே சொல்லலே?"

கேட்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல, அதுதான் உண்மை. தொரை திரும்பினார். கண்ணு ரெண்டும் சிவந்து ஈரமா இருந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுது, இவ்வளவு நேரம் மனுஷன் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கார்.

"சரி. நாளைக்கு வீடு மாறு. முதல் தேதியிலேருந்து நீதான் பெரிய கிராணி. காலையிலே ஆறு மணிக்கு ஆபீஸ்லே இருக்கணும்."

கும்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்துட்டேன். பின்னாடியிலேருந்து குரல் வந்துச்சு.

"கிராணி! ஆறு மணின்னா கஷ்டம். பிள்ளைக்குப் பால் கொடுத்துட்டு வா."

"சரிங்க தொரை"ன்னேன்.